ஐயாவுக்குப் பிடித்த சாப்பாடு

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சும் போயிற்று. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ஹாலிஎல வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது உடைந்து அழப்போகிறான் என்று காத்திருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. கட்டிலை முன்னறையில் போடச் சொன்னேன். வேன்காரரை அனுப்பிவைத்தேன். அவர்கள் தேத்தண்ணீர் குடித்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகள் தொலைபேசியில் விம்மினாள்.

"அப்பா, ஏதாச்சும் பேசுங்கப்பா."

"என்னத்த பேச?" என்றேன். நிஜமாகவே என்னிடம் பேச ஒன்றும் இல்லை. கம்பளிக்குள் கை விட்டுத் துழாவுவது போல, தொட்டதெல்லாம் மழுங்கலாகவே இருந்தது.

முதல் கிளினிக்கில் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"விழுங்குறதுல பெரிய கோளாறு இல்லீங்க ஐயா. தண்ணியா குடுக்காதீங்க, பொரையேறும். கூழ் மாதிரி மசிச்சுக் குடுங்க. ஆனா இவங்க சாப்பிடவே மாட்டேங்குறாங்க போல, எடை நல்லாக் கொறைஞ்சிருக்கு. அடுத்த தடவையும் கொறைஞ்சா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்."

தனியாகச் சொன்னாரே ஒழிய, சக்கர நாற்காலியில் இருந்தவளுக்கும் கேட்டிருக்கிறது. வார்டில் எதிர்க்கட்டில் அம்மாவுக்கு அந்தக் குழாய் போட்டதை அவள் படுத்தபடியே பார்த்தவள். வீடு வந்து சேரும் வரைக்கும் இடது கையால் என் சட்டை முனையைப் பிடித்திருந்தாள். அப்படி இருந்தும், அன்று இரவுக்குக் கொடுத்த கஞ்சியில் இரண்டு கரண்டி இறங்கியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சமையல் எனக்குப் புதிது. பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை விற்பனையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வாசலில் ஏறும் பெண்ணின் முகத்தைப் பார்த்தே அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று சொல்லி, அலமாரித் தட்டிலிருந்து அந்தச் சேலையை உருவிப் போடுவேன். முதலாளி அதைப் பெருமையாகச் சொல்வார். அடுப்பைப் பற்றவைக்க மட்டும் தெரியாது. முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்தது. அடுத்த நாள் ஒரே தண்ணீர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கடைக்குப் போய் அரிசி சரியில்லை என்று சண்டை பிடித்தேன். கடைக்காரர் வேறு அரிசி கொடுத்தார். அதுவும் அடிப்பிடித்தது.

மகளிடம் கேட்டேன், அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று. "அம்மா எல்லாம் சாப்பிடுவாங்களேப்பா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போதுதான் மனைவியின் கைத்தொலைபேசியில் இருந்த அந்தக் குழு ஞாபகம் வந்தது. ஊவா மாகாணத்தில் ஆங்காங்கே இருக்கும் பெண்கள் சிலர், ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள், சமையல் வீடியோ ஒன்றின் அடியில் பேசிப் பழகி வாட்சப்பில் சேர்ந்துகொண்ட குழு. ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்தால் "இன்னைக்கு ராவுக்கு என்ன?" என்று ஒருத்தி கேட்பாள். உடனே சட்டிகளின் படங்கள் வரும். மனைவி அதைப் பார்த்துப் பார்த்துத் தனியாகச் சிரிப்பாள். வேலையற்ற வேலை என்று நான் சொல்வேன்.

அந்த வேலையற்ற வேலையில் நானே போய் விழுந்தேன். அவள் தொலைபேசியிலேயே எழுதினேன்: "வீட்டில் ஓராளுக்கு முடியவில்லை. மெல்ல முடியாது. ராவுக்கு என்ன கொடுக்கலாம்?"

கொட்டித் தீர்த்துவிட்டார்கள். எழுத்தில் கொஞ்சம், குரலில் நிறைய. மொனராகலையில் இருக்கும் ஒரு பெண் குரக்கன் கஞ்சி சொன்னாள். "மாவ நேரடியா கொதிதண்ணியில போட்றாதீங்கக்கா, கட்டி தட்டும். பச்சத்தண்ணியில கரைச்சு வச்சிக்கிட்டு ஊத்துங்க." இன்னொருத்தி பூசணிக்காயைப் பாலில் வேகவைத்து மசிக்கச் சொன்னாள். கொஸ்லந்தயில் தோட்டமொன்றில் இருக்கும் பெண்ணுக்குக் குரல் கணீரென்று இருந்தது. "பருப்ப வேகவிடறப்ப ஒரு சொட்டு தேங்காயெண்ண விடுங்கக்கா, பொங்கி வழியாது. ஐயாவுக்குத்தான் உறைப்பு ஆகாதே, மொளகாயே வேணாம். பூண்டு ரெண்டு பல்லு போதும்."

ஐயாவுக்கு. வீட்டில் இருப்பது இரண்டே பேர். எழுதியது அக்காவின் தொலைபேசியிலிருந்து. ஆகவே படுத்திருப்பது நான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். திருத்தி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கோ முடியவில்லை, அவ்வளவுதானே. குறிப்பு கிடைத்தால் போதும்.

சொன்னபடியெல்லாம் செய்தேன். பொய் சொல்லக்கூடாது, எல்லாம் நன்றாகவே வந்தது. குரக்கன் கஞ்சி கட்டி தட்டவில்லை. பருப்பு பொங்கவில்லை. பூசணிக்காய் மசியலை நானே ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். அவளுக்கு ஊட்டினால் இரண்டு கரண்டி, மூன்றாவதுக்குச் சுவர். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை. மீதியை வழித்துக் கொட்டிவிட்டுச் சட்டியைத் தேய்த்தேன். அவள் கழுத்தெலும்பு மேலே தெரிய ஆரம்பித்திருந்தது.

குழுவில் தினமும் விசாரித்தார்கள். "ஐயா சாப்பிட்டாரா அக்கா?" "இல்லை" என்று எழுதுவேன். அவர்களும் சளைக்கவில்லை. "ஐயாவுக்குப் பால்சோறு ஒத்துக்கும்னு சொல்வீங்களே." "ஐயாவுக்கு ரசத்துல புளி கொறைச்சுத்தானே விடுவீங்க, அப்பிடியே சோத்தக் கொழைச்சுக் குடுங்க." என் நாக்கின் சாதகமே அந்தப் பெண்களிடம் இருந்தது. எனக்கு வெந்தயம் ஆகாது என்பது மொனராகலைப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் பின்னேரம் கொஸ்லந்தப் பெண் குரலில் கேட்டாள்: "என்னக்கா இது, அவருக்குப் புடிச்சதையெல்லாம் வரிசையா சொல்லிட்டோம். இவ்வளவு செஞ்சும் ஒரு மனுசன் வாயத் தொறக்கலன்னா எப்படி?"

நான் அதை இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டேன். அவருக்குப் பிடித்தது. ஆமாம், எல்லாமே எனக்குப் பிடித்ததுதான். அதனால்தான் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

எழுதினேன்: "நான் அக்கா இல்லை. அவளுடைய கணவன். படுத்திருப்பது அவள்தான். பாரிசவாதம். சாப்பிடாவிட்டால் குழாய் போடுவார்கள்."

பிறகு தொலைபேசியே அடித்தது. கொஸ்லந்தப் பெண். அழுதுகொண்டிருந்தாள், மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்.

"அக்காவுக்குப் புடிச்சது எதையாச்சும் செஞ்சு குடுத்தீங்களா ஐயா?"

"என்ன பிடிக்கும் அவளுக்கு?" என்றேன்.

நான் சும்மா கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டேன். என் மனைவி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு நிற்பாள், நான் கை கழுவிச் செய்தி பார்க்க உட்கார்ந்த பிறகு அடுப்படியில் பலகையைப் போட்டு உட்காருவாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். யாரும் யாரையும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை. கல்யாண வீட்டில்கூட அவள் பெண்கள் பந்தியில் இருப்பாள்.

அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினாள். மனைவி எப்போதோ குழுவில் போட்டது. எங்கள் வீட்டுப் பீங்கான் தட்டு, எனக்குத் தெரியும். அதில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் சிவந்த குழம்பில் கட்டாக் கருவாடு, ஓரத்தில் கடித்து வைத்த பச்சை மிளகாய். அடியில் எழுதியிருந்தாள்: "ஐயா கதிர்காமம் போய்ட்டார். இன்னைக்கு எனக்கு விருந்து."

எங்கள் வீட்டில் கருவாடு ஏறாது. என் அம்மா காலத்திலிருந்தே அப்படி. எனக்கு அந்த வாடை குடலைப் புரட்டும். மனைவி தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை கருவாடு சுட்டாள். நான் சாப்பிடாமல் எழுந்து போனேன். அதற்குப் பிறகு அவள் கருவாடு கேட்டு நான் கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

படத்தைப் பார்த்தபோது நெஞ்சில் ஏதோ குத்த வேண்டும் என்று எதிர்பார்த்தேன். குத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கருவாடு வாங்கப் போனேன்.

செய்முறையைத் தொலைபேசியிலேயே சொன்னாள் கொஸ்லந்தப் பெண், நான் அடுப்பு முன்னால் நிற்க நிற்க. "மொதல்ல சுடுதண்ணியில ஊறப்போடுங்க. அந்தத் தண்ணியக் கொட்டிட்டு மறுபடியும் ஊறப்போடுங்க. இந்த வருத்தக்காரவங்களுக்கு உப்பு ஆகாது, அதனால குழம்புக்கு வேற உப்பே போடாதீங்க. முள்ளு ஒண்ணு இருக்கக்கூடாது ஐயா, வெரலால தடவித் தடவிப் பாருங்க. கெழங்குல நடு நரம்ப உருவிருங்க. சின்ன வெங்காயம் நல்லா வதங்கட்டும். மொளகாய்த்தூள் போட்டீங்களா?"

"கொஞ்சம் போட்டேன்."

"உங்க கொஞ்சமா, அக்காவோட கொஞ்சமா?"

இன்னும் அரைக் கரண்டி போட்டேன். இரண்டாம் பால் விட்டு, கருவாடு கரைய வெந்ததும் முதல் பாலை ஊற்றி இறக்கினேன். கிழங்கோடு சேர்த்து மத்தால் கடைந்தேன். இடையில் இரண்டு தடவை பின்வாசலுக்குப் போய்க் குமட்டிவிட்டு வந்தேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பார்த்தேன், கண் எரிந்ததுதான் மிச்சம். அந்தப் பெண் சிரித்தாள். அழுத குரலில் சிரிப்பு நன்றாக இருந்தது.

கிண்ணத்தோடு முன்னறைக்குப் போனேன். வாடை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சுவர்ப்பக்கம் இருந்த முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. முதல் கரண்டியை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். விழுங்கினாள். மூன்றாவது கரண்டிக்கு அவளே வாயைத் திறந்தாள். அதற்கு மேல் நான் எண்ணவில்லை, பார்த்தால் கிண்ணம் பாதிக்குக் கீழே போயிருந்தது. அவள் சாப்பிடும்போது புருவத்தைத் தூக்குவாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

குழுவில் எழுதினேன்: "சாப்பிட்டாள்." அவ்வளவுதான் எழுத வந்தது. அந்தப் பெண்கள் இரவெல்லாம் படம் போட்டார்கள், பூவும் விளக்குமாக. மறுநாளிலிருந்து அக்காவுக்குப் பிடித்தது எது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். புளி தூக்கலாக விட்ட ரசம். நெத்தலி போட்ட முருங்கைக்காய்க் குழம்பு, சதையை மட்டும் வழித்து. வெந்தயக் கூழ். ஒவ்வொன்றும் எனக்கு ஆகாதது.

அடுத்த கிளினிக்கில் நர்ஸ் எடை பார்த்தார். குறையவில்லை, சொட்டுக் கூடியிருந்தது. "குழாய் வேணாம். என்ன குடுத்தீங்க ஐயா?" என்றார். சொன்னேன். உப்பைப் பற்றி நன்றாகத் திட்டிவிட்டு, "ஊற வச்சிக் கொஞ்சமா குடுங்க" என்று அனுப்பினார். பஸ் நிலையத்தைத் தாண்டும்போது ஆட்டோவில் அவள் என் சட்டையைப் பிடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று பொழுது சாய மறுபடியும் கருவாடு. கிழங்கைக் கடைந்து எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலைந்து கரண்டி போயிருக்கும். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். இடது கையைச் சிரமப்பட்டுத் தூக்கினாள். போதும் என்கிறாள் போல என்று கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். தலையை ஆட்டினாள். கையை இறக்காமல் என் தோளுக்கு மேலே நீட்டினாள். திரும்பிப் பார்த்தேன். சன்னல். குளிருக்கு நான் அடைத்து வைத்திருந்த சன்னல்.

எனக்கு வாடை ஆகாது. திறந்து வைக்கச் சொல்கிறாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, மகளிடம் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. கிண்ணத்தை மடியில் இடுக்கிக்கொண்டு அழுதேன். அவள் கை அப்படியே நீண்டிருந்தது.

"மூடியே இருக்கட்டும்" என்றேன். கையைப் பிடித்து இறக்கினேன். "வாயத் தொற."

திறந்தாள்.