மூத்திரக் குழாயைத் தேடும் விரல்

என் மருமகன் குடல் ஆபரேஷன் டாக்டர். பெரிய பேரெல்லாம் கிடையாது. மீன் முள்ளைக்கூடத் தடவித் தடவித்தான் எடுப்பார். நாங்கள் கைகழுவி எழுந்த பிறகும் அவர் தட்டில் பாதி கிடக்கும். முன்பு இப்படி இல்லை. அந்த லாரிக்காரருக்குப் பிறகுதான்.

லாரிக்காரருக்கு மலக்குடலில் கட்டி. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், கீழே ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டு எடுத்தார்கள். ஆம்பிளைகளுக்கு அந்த இடம் குறுகல். குடலுக்கு முன்னால் ஒட்டினாற்போல மூத்திரக் குழாய் போகிறது. மருமகன் அதை அறுத்துவிட்டார். கட்டி போனது, மனிதர் இடுப்பில் மூத்திரப் பையோடு நடக்கிறார். திட்டினாலாவது தேவலை. வரும்போதெல்லாம், "நல்லா இருக்கீங்களா டாக்டர்?" என்று விசாரிப்பார். அவர் வராத நாளிலும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவே மருமகன் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு என் மகனுக்கும் அதே இடத்தில் கட்டி வந்தது.

"அத்தை, வேற டாக்டர்கிட்ட போயிடலாம். என்னால முடியாது."

"நீங்கதான் பண்ணணும், மாப்பிள்ளை. பயப்படாதவன் கையில என் புள்ளையைக் குடுக்க மாட்டேன்."

"என் தங்கச்சியையே உன்கிட்ட குடுத்துட்டேன் மாப்ளே, இது என்ன பெருசு?" என்றான் மகன். மருமகன் சிரிக்கவில்லை. சம்மதிக்கும்வரை நகரமாட்டேன் என்று அவர் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துவிட்டேன்.

உள்ளே நடந்ததை அவரே பிறகு சொன்னார். முன்பக்கம் வழி சுலபமாகத் திறந்ததாம், ரத்தமே இல்லை. கூட இருந்தவர், "அருமையா போகுது சார்" என்றாராம். லாரிக்காரருக்கும் அப்படித்தான் திறந்தது. கருவியை நிறுத்திவிட்டு விரலை விட்டிருக்கிறார். மூத்திரம் போக உள்ளே செருகியிருந்த ரப்பர் குழாய் விரல்நுனிக்கு அடியிலேயே தட்டுப்பட்டது. குடலோடு சேர்ந்து மூத்திரக் குழாயும் இழுபட்டு வந்திருந்தது. அப்படியே பின்வாங்கி, பின்புறத்தையும் பக்கங்களையும் முதலில் விடுவித்து, வயிற்றில் சின்னத் துளை போட்டு மேலிருந்து அறுத்துக்கொண்டு வந்த மற்ற டாக்டர்கள் சரியான இடத்தைக் காட்டிய பிறகே முன்புறம் தொட்டாராம்.

அந்த ரப்பர் குழாயை எடுத்த அன்று மகன் கழிவறைக்குள் போனான். நாங்கள் வெளியே நின்றோம்.

"எல்லாரும் போய் வேலையைப் பாருங்க. கூட்டம் கூடினா எப்படி வரும்?" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான். நான் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது, தடையில்லாமல். மகள் அழுதுவிட்டாள். மருமகன் கதவில் நெற்றியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் நின்ற பிறகும் அங்கேயே நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை, முடிஞ்சிடுச்சு."

"இடுப்புல பை இல்லையே அத்தை? நல்லா பாத்தீங்களா?" என்றார்.