கிணற்றில் போட வேண்டிய பொட்டலம்

பிள்ளைகளே, போன வாரம் சின்னவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பரீட்சையில் மார்க் குறைந்த கோபத்தில் "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கத்திவிட்டான். விளக்கு வைக்கும் நேரத்தில் மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பிடிச் சொன்னதுக்கு சாமி என்மேல கோவிச்சுக்குமாப்பா?" என்றான். "படிக்கிற வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். பதில் தெரியாததால் அல்ல. அதைச் சொன்னால் என் வெட்கக்கேட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், வேதாந்தமெல்லாம் வராது. நடந்ததை எழுதி வைக்கிறேன். பெரியவள் தம்பிக்குப் படித்துக் காட்டட்டும். அப்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, எனக்கு ஒன்பது வயது. பெருமாட்டியில் எங்கள் தோட்டமும் பெரியப்பா தோட்டமும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் நடுவில் வேப்பமரத்தடியில் ஒரு மாரியம்மன். எங்கள் ஆட்கள் அவளிடம் பூ கேட்காமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார்கள். கிணறு வெட்ட, மாடு பிடிக்க, பெண் கொடுக்க, எல்லாவற்றுக்கும் பூதான். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நார் போட்டுக் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

எந்தப் பொட்டலத்தில் எது என்று பெரியவர்கள் யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் கோயிலுக்குப் பின்னால் மறைவில் உட்கார்ந்து அவற்றைக் கட்டுவதும் ஒரு சிறுபிள்ளைதான். பிள்ளை கையில் கள்ளம் இருக்காது என்று அவ்வளவு நம்பிக்கை. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அதை அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

எனக்கு ஆறு வயதில் அம்மா காய்ச்சலில் படுத்தாள். பிழைத்துக்கொள்வாளா என்று பூ கேட்டார்கள். அன்றைக்குப் பொட்டலத்தை எடுத்த குழந்தை நான். வெள்ளை வந்தது. பெரியப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

அந்தப் பூவைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. நான் மட்டும் என் வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொள்வேன். மாரியம்மன் பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கல்லுக்குள் யாருமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எல்லாப் பிள்ளைகளும் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நடப்பேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அப்பாவின் தங்கை. எனக்கு அத்தை. நான் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்த நாட்களில் தட்டைத் தூக்கிக்கொண்டு தென்னை தென்னையாக என் பின்னால் வருவாள். "நீ திங்காட்டி நானும் திங்கலடா" என்பாள். அப்படியே செய்யவும் செய்வாள். நான் ஒருநாளும் அதற்காக இரங்கினவன் இல்லை.

அவளுக்கு இருபத்தாறு ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அது தாண்டிப்போன வயது. வந்த வரன்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நொட்டை சொல்லிப் போய்விட்டன. அந்த வருஷம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் காபி குடித்து முடித்ததும் எழுந்துபோய், டம்ளரைத் தானே தண்ணீர்த் தொட்டியருகே கழுவிக் கவிழ்த்து வைத்தார். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் செய்யாத வேலை அது.

அத்தை அன்றைக்கு இதை மூன்று தரம் சொன்னாள். "அவிங்களே களுவி வெச்சாங்கோ. ஆரும் சொல்லுல."

"அப்பிடியொரு மாப்பிள்ளை கெடைக்குமுன்னா எனக்கும் ஒண்ணு பாத்து வெய்யி" என்றாள் பெரியம்மா. "உங்க அண்ணனைக் கொண்டுபோயி மாத்திக்கறேன்." அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் எழுந்து தென்னைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பூ கேட்டார்கள். பொட்டலம் கட்ட என்னை அனுப்பினார் பெரியப்பா. இரண்டு நிறப் பூவையும் கையில் கொடுத்தார் பூசாரி. கோயிலின் பின்சுவரை ஒட்டிச் செவ்வரளிச் செடி ஒன்று என் தோளுயரம் நின்றது. நான் வெள்ளைப் பூவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செடியிலிருந்து இன்னொரு சிவப்பைப் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு. கட்டும்போது மனதுக்குள் சொன்னேன்: நீ உண்மையாகவே இருந்தால் இதில் ஒன்றை வெள்ளையாக்கு பார்ப்போம்.

அன்றைக்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட நியாயம் அது. உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். அத்தை போய்விடக் கூடாது, அவ்வளவுதான். என் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும். சாமியைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு, எனக்குச் சோறு போட்ட கையின் வாழ்க்கையைத்தான் திருடினேன்.

பக்கத்துத் தோட்டத்து மூன்று வயதுப் பெண்குழந்தை வந்து ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். "பண்ணாடி, ஆத்தா செகப்பக் குடுத்துட்டாளுங்க" என்றார் பெரியப்பாவிடம். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவ வேண்டாங்கறா, அப்பறம் நாம என்ன பேசறது" என்றார். அவ்வளவுதான், சம்பந்தம் முடிந்தது. மற்றப் பொட்டலத்தை அத்தையின் கையில் கொடுத்து, கிணற்றில் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

நான் முன்னால் ஓடி வந்து அடுக்களை வாசலில் நின்றுகொண்டேன். அங்கிருந்து கிணறு தெரியும். அத்தை கிணற்றுமேட்டில் வெகு நேரம் நின்றாள். பிறகு செய்யக் கூடாததைச் செய்தாள். நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தாள். தனக்கு வராமல் போன வெள்ளைப் பூவை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பார்த்தாள். இலையை மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். என் சட்டைப் பையிலிருந்து வெள்ளரளியின் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள்.

"ஏஞ்சாமி இப்பிடிப் பண்ணுன?"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அதனால் எனக்குத் தைரியம் வந்தது.

"சாமி இருக்குதான்னு பாத்தேன். இருந்தா ஒண்ணை வெள்ளையாக்கியிருக்குமுல்ல?"

"பாத்துட்டயா?"

"பாத்துட்டேன். ஆக்குல. அங்க ஆருமில்லத்தே."

 அத்தையின் கண் சிவந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியப்பா இன்னும் கோயிலடியில்தான் இருந்தார். சொல்லியிருந்தால் மறுபடி பூ கேட்டிருப்பார்கள். என் முதுகுத்தோல் உரிந்திருக்கும். அதற்குப் பிறகு ஊரில் நான் தலைநிமிர்ந்து நடந்திருக்க முடியாது. அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"செரி, கை களுவீட்டு வா. சோறு ஆறுது" என்றாள்.

பச்சைப்பயறு கடைந்திருந்தாள். நெய்யை எப்போதும் விடுவதைவிட ஒரு கரண்டி கூடவே விட்டாள். அவள் சாப்பிடவில்லை. பாதி டம்ளர் மோரைக் குடித்துவிட்டு, மீதியை அடுப்போரம் வைத்துவிட்டு, மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்விட்டாள்.

நான்கு வருஷம் கழித்து அவளை உடுமலைப் பக்கம் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மூத்தாள் பிள்ளைகள் இரண்டையும் அவள்தான் ஆளாக்கினாள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. ஒவ்வொரு நோன்பு பண்டிகைக்கும் அவளிடமிருந்து எனக்குச் சட்டைத்துணி வரும். நான் போய்ப் பார்த்த நாட்களைக் கைவிரலில் அடக்கிவிடலாம். அந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சாகும்வரை அவள் ஒரு பேச்சுப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு தரமும் அடுத்த தரம் கேட்டுக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிடுவேன்.

சின்னவனே, கோவிச்சுக்குமா என்று கேட்டாயே. அன்றைக்கு அங்கே யாருமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு நல்ல பசி. முழுதும் சாப்பிட்டேன். அத்தைதான் சோறு போட்டாள் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். அவளை அங்கே நிறுத்தி, அந்தக் கரண்டியை அவள் கையில் கொடுத்தது யார் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

சாப்பிட்டு எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அடுப்போரம் அந்த டம்ளர் இருந்தது. மீதி மோரை வாழைக்குழியில் ஊற்றினேன். டம்ளரைத் தொட்டியருகே எடுத்துக்கொண்டு போய், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதற்கு முன்னால் நான் ஒரு பாத்திரமும் கழுவினதில்லை. வெளியில் தேய்த்தது போதாது என்று உள்ளேயும் விரலை விட்டுத் தேய்த்தேன். பிறகு கல்லின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, யாராவது பார்த்துவிடுவதற்குள் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.