அவர் உயரத்துக்கு வெட்டிய வைசர்

கோயம்புத்தூரில் குளிரே இல்லை என்கிறவர்கள் மார்கழி விடியலில் ஒருநாள் தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து பைக் ஓட்டி வந்து பார்க்கட்டும். மலையிலிருந்து இறங்குகிற காற்று ஸ்வெட்டரையும் மேலே போட்ட ஜாக்கெட்டையும் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டு நேரே நெஞ்சில் போய் உட்காரும்.

எனக்கு வேலை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடிந்ததும் வரிசையில் நிற்பார்கள். அதனால் இருட்டோடு கிளம்பி, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். முதலில் ஸ்கூட்டர்தான் வைத்திருந்தேன். எங்கள் தோட்டத்துப் பாதையின் குழிகளில் அதன் சின்னச் சக்கரம் இரண்டு முறை என்னைக் கீழே தள்ளியது. பிறகு என் சம்பளத்தில் பைக் வாங்கினேன். கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் வண்டியில் பழகியிருந்தேன். என் கணவருக்கு ஓட்டத் தெரியாது. அவருக்குத் தென்னையும் தக்காளியும் வாய்க்காலும் போதும். டவுனுக்குப் போவதென்றால் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வருவார்.

போன குளிர்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது. ஒரு மாதமாகியும் போகவில்லை. ஊசி குத்தும்போது இருமல் வந்தால் கை ஆடும், அதனால் முகத்தைத் திருப்பி இருமி முடித்துவிட்டுத்தான் அடுத்தவர் கையைப் பிடிப்பேன். எங்கள் டாக்டரம்மா, "வண்டிக்கு முன்னாடி கண்ணாடி போடுங்க. நெஞ்சுல காத்து அடிக்கற வரைக்கும் எந்த மருந்தும் கேக்காது" என்றார். கண்ணாடி என்று அவர் சொன்னதைக் கடைகளில் வைசர் என்கிறார்கள். ஹாண்டில்பாருக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் தகடு.

ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் டவுனில் பெரிய கடையொன்றுக்குப் போனோம். கடைக்காரர் எழுந்து நின்று என் கணவரைப் பார்த்து, "வாங்க சார், எந்த வண்டிங்க?" என்றார். நான் வண்டியின் பெயரைச் சொன்னேன். "மாடல் எந்த வருசமுங்க சார்?" என்று மறுபடியும் அவரையே கேட்டார். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். "மேடம், நீங்க உக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. "குளிருக்குங்க. நெஞ்சு மறையற மாதிரி வேணும். இருட்டுல ஓட்டறேன், அதனால தெளிவான தகடுதான் வேணும்" என்றேன்.

"ஸ்மோக் கலர் போட்டா சாருக்குக் கெத்தா இருக்குமுங்க" என்றார் கடைக்காரர்.

"ஓட்டறது நானுங்க."

அவர் சிரித்துக்கொண்டே என் கணவரைப் பார்த்தார். "மேடமும் ஓட்டுவாங்களா? பரவால்லீங்களே." என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. கூடவே இருமலும் வந்தது. நிற்கவே இல்லை. எதிரே மருந்துக்கடை இருந்தது. கூட்டத்தில் நின்று இருமல் மருந்து வாங்கி அங்கேயே ஒரு மூடி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குள் வேலை முடிந்திருந்தது. என் கணவரை வண்டி மேல் உட்கார வைத்து, அவர் உயரத்துக்குக் குறித்து, பெரிய தகடாக எடுத்து வெட்டி மாட்டியிருந்தார்கள். தெளிவான தகடு என்று நான் சொன்னதையாவது கேட்டிருந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் கணவர் என்னைவிட உயரம். அவருக்கு மூக்கு மட்டத்தில் நின்ற விளிம்பு எனக்குக் கண்ணுக்கு நேராக நின்றது. பாதி ரோடு தகடு வழியாகத் தெரிந்தது, மீதி ரோடு அதற்கு மேலே தெரிந்தது, நடுவில் ஒரு கோடு. வைசரின் விளிம்பு ஓட்டுகிறவரின் மூக்கைத் தாண்டக்கூடாது, பார்வை அதற்கு மேலாகப் போக வேண்டும் என்பது உட்கார்ந்து பார்க்கிற யாருக்கும் தெரியும். உட்கார வேண்டிய ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"எனக்குக் கண்ணை மறைக்குதுங்க" என்றேன்.

"ரெண்டு நாள் ஓட்டுனாப் பழகிருமுங்க மேடம். சாரு பாத்து ஓகே சொல்லிட்டாருங்க."

கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. என் கணவர் போகலாம் என்று கண்ணைக் காட்டினார். நான் வண்டியைக் கிளப்பியபோது கடைக்காரர் அவரிடம், "இன்னைக்கு மேடமா சார் ஓட்டறாங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது.

திங்கட்கிழமை விடியலில் பனி இறங்கியிருந்தது. தகடு முழுக்க நீர்த்துளி. எதிரே வந்த பால் வண்டியின் வெளிச்சம் அதில் பட்டு வெள்ளையாகப் பரவியது. குனிந்தாலும் தெரியவில்லை, நிமிர்ந்தாலும் அந்தக் கோடு. எங்கள் பக்கம் ராத்திரியில் யானை ரோட்டைக் கடந்து போவது வழக்கம். காலையில் அதன் சாணம், லத்தி என்போம், குவியலாகக் கிடக்கும், எல்லோரும் தூரத்திலேயே பார்த்து ஒதுங்கிப் போவோம். அன்று நான் பார்க்கவில்லை. முன்சக்கரம் அதில் ஏறி வழுக்கியது. வண்டி தானாக மண்ணில் இறங்கி வேலிக் கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. காலை ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தேன். அடி எதுவும் படவில்லை. ஆனால் கோபம் ஏறியது. வண்டி என்னுடையது, இருமல் என்னுடையது, விழப் பார்த்ததும் நான். அளவு மட்டும் என் கணவருடையது.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, நீங்க எதுக்கு அதுல ஏறி உக்காந்தீங்க?"

"உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன்."

"ஓட்டத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமுங்களே?"

அவர் மண்வெட்டியைக் கழுவுகிற வேலையில் இருந்தார். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது. இரண்டு நாள் சோறு போட்டேன், பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்து தனியாக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சாரு வரலீங்களா மேடம்?"

"வண்டி என்னுதுங்க. இந்த வைசரை என்னோட உயரத்துக்கு இறக்கி வெட்டிக் குடுங்க."

"வெட்டலாமுங்க. ஆனா சாரு பாத்து ஓகே பண்ணுனதுங்களே. நீங்க சொன்னீங்கன்னு வெட்டிப்போட்டு, நாளைக்குச் சாரு வந்து ஏன் வெட்டுனேன்னு கேட்டா நான் என்னங்க பதில் சொல்றது? ஒரு வார்த்தை சாரைக் கேட்டுக்கலாமுங்க."

மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' இருந்தது. அந்த மரியாதைக்குள் நான் இருக்கிற இடம்தான் தெரியவில்லை. என்னிடம் ரத்தம் கொடுக்க எத்தனையோ ஆண்கள் வருகிறார்கள். உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள், அப்புறம் கையை நீட்டுகிறேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நரம்பில் ஊசி ஏற்றுகிறவளை நம்புகிறார்கள், தன் மூக்கு எங்கே இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். குரல் உடைந்துவிடும் என்று பயந்து, பேசாமல் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

என் கணவர் தோட்டத்தில் இருந்தார். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, என்னோட வண்டி வைசரை வெட்டறதுக்கு உங்களைக் கேக்கோணுமாம். பேசுங்க."

கடைக்காரர் போன் பக்கம் குனிந்தார். "வணக்கமுங்க சார். மேடம் இதைக் கம்மி பண்ணோணும்னு சொல்றாங்க. பண்ணுனா அப்புறம் உங்க ஹைட்டுக்குப் பத்தாதுங்களே."

மோட்டார் சத்தம் நின்றது. பிறகு அவர் சொன்னார், "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க."

"சார்?"

"ஓட்டவே தெரியாதுங்க. நான் பின்னாடி உக்காந்து வாரவன். அன்னைக்கே சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டுப்போட்டேன்."

ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மறுபடி போனிடம் குனிந்தார். "அப்ப எவ்வளவு வெட்டட்டுங்க சார்?"

"என்னைய ஏனுங்க கேக்கறீங்க? முன்னாடி நிக்கறவங்களைக் கேளுங்க."

நான் வண்டி மேல் ஏறி, ஹெல்மெட்டைப் போட்டு, ஓட்டும்போது உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தேன். மார்க்கர் பேனாவை அவர் கையிலிருந்து நானே வாங்கி, என் மூக்கு நுனிக்கு நேராகக் கோடு போட்டேன். மூன்று விரற்கடை அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய விளிம்பை அரம் வைத்துத் தேய்த்துக் கொடுத்தார். "இப்பச் சரியா இருக்குங்களா மேடம்?" என்று கேட்டார். அந்தக் கடையில் என் முகத்தைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காற்று தகட்டில் மோதி ஹெல்மெட்டுக்கு மேலே போய்விட்டது. பனித்துளிகளுக்கு மேலாக ரோடு முழுசாகத் தெரிந்தது. விரல்கள் மட்டும் விறைத்தன, அதற்கு வைசர் ஒன்றும் செய்ய முடியாது. இருமல் பத்து நாளில் குறைந்தது. ஆனால் கோபம் குறையவில்லை. அவளைக் கேளுங்கள் என்று என் கணவர் சொன்ன பிறகுதானே என்னைக் கேட்டார்கள்.

வைசரை வெட்டிய அன்றைக்கு, அந்தப் புதன்கிழமை சாயங்காலமே, வீட்டுக்கு வந்தபோது என் கணவர் காபி போட்டு வைத்திருந்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"அத்தனை பேரு முன்னாடி சொல்றதுக்கு வெக்கமாப் போச்சு கண்ணு" என்றார். "இந்த வயசுல ஆம்பளைக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னா என்ன நெனைப்பாங்க?"

"எனக்கு ஓட்டத் தெரியும்னு நாலு தடவை சொன்னேன். யாரும் நம்பலை. அது எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னைக்குக் கடைல ஆளு இருந்தாங்களா?"

"ரெண்டு பேரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்."

"கேட்டிருப்பாங்க."

"நல்லாக் கேட்டாங்க."

"கேக்கட்டும்" என்றார். எழுந்து வாசலுக்குப் போய், என் வண்டி மேல் ஏறாமல் பக்கத்தில் நின்று, வெட்டின விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.