கசெட்டில் வந்த குருவிகள்

நான் வேலை செய்யும் வீட்டின் எசமானியை "மாமா" என்று கூப்பிடுகிறேன். கல்முனைக்குடியில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் எல்லாருக்கும் எசமானி மாமா, எசமான் பாபா. இந்த நாட்டில் அதற்கு அம்மா, அப்பா என்று அர்த்தமாம். வந்த புதிதில் அந்தச் சொல் என் வாயில் வர மறுத்தது. எங்களூர் மாமா மீசை வைத்தவர், சாரன் உடுத்தவர், தாய்க்கு முன்னால் கூட உரத்துக் கதைப்பவர். இங்கேயோ மாமா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு சோபாவில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். நாலு வருடம் கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது பழகிப்போயிற்று. ஊரிலிருக்கும் சொந்த மாமாவை நினைத்தாலும் இந்த மனுசியின் முகம்தான் முதலில் வருகிறது. அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

வியாழக்கிழமை பின்னேரம் என்றால் இந்த வீட்டில் நாடகம். பாபா கடையிலிருந்து மூன்று நாலு வீடியோ கசெட்டுகளை வாடகைக்கு எடுத்து வருவார். அவற்றில் ஆட்டமும் பாட்டுமாக மிஸ்ர் என்கிற எகிப்து நாட்டுப் பழைய படங்களும் இருக்கும். ஆனால் இவர்களின் உயிர் மேடை நாடகத்தில்தான். ஏதோ ஒரு மண்டபத்தில் நடந்த நாடகத்தை முன்னால் இருந்து அப்படியே படம் பிடித்திருப்பார்கள். திரை விலகுவது, பெயர்போன நடிகர் வந்ததும் சனம் எழும்பிக் கைதட்டுவது, அந்த நடிகரே சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைக் காட்டி நிற்பது எல்லாம் அதில் இருக்கும். மூன்று மணித்தியாலம் ஓடும். "மஸ்ரஹிய்யா" என்பார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு போய் வந்து கடைசியில் கதவோரம் நிலத்தில் குந்திக்கொள்வேன். இந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை நூறா ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொள்வாள். நான் வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

முதல் வியாழக்கிழமை நான் செய்த கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்கு அரபு என்றால் குர்ஆன் ஓதுகிற பாஷை. ஓதப்பள்ளியில் கேட்டோம், தொழுகையில் கேட்டோம், சாவு விழுந்த மையித்து வீட்டில் கேட்டோம். அந்தப் பாஷையில் ஒருவன் பொய் சொல்வான், ஏசுவான், மீனுக்கு விலை பேசுவான் என்று நான் யோசித்ததே இல்லை. டீவியில் தாடி வைத்த ஒரு கிழவர் மேடைக்கு நடுவில் வந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, தொண்டை நடுங்க அரபில் எதையோ கேட்கத் தொடங்கினார். நான் அவசரமாகத் தலைக்கு முக்காடு போட்டேன். காலை மடித்து ஒழுங்காக இருந்து கைகளை ஏந்தினேன். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் "ஆமீன்" என்றேன், உரத்தே சொன்னேன். வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மாமா சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தார். அந்தக் கிழவர் தன் மாமியாரின் கால் முறியவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். இப்போதும் விருந்தாளிகள் வந்தால் மாமா என்னைக் கூப்பிட்டு அதைச் செய்துகாட்டச் சொல்கிறார். நானும் கையை ஏந்தி ஆமீன் சொல்கிறேன்.

எங்களூரிலும் கசெட் போடுகிற டெக் வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். நான் புறப்படுவதற்கு முந்திய வருடம் ஒரு வீட்டு வளவில் டீவியையும் டெக்கையும் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் குறுக்கே கட்டிய ஒரு சாரிக்குப் பின்னால். சாரிக்குள்ளால் தெரிந்த அளவுக்குத்தான் எங்களுக்குப் படம். கதாநாயகியின் முகத்தை விட அந்தச் சாரியின் பூக்களே இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அன்று என் மகள் பர்ஸானா என் தோளில் நித்திரை. பாட்டு வந்ததும் முழித்து, தலையைத் தூக்கி, கையை ஆட்டினாள். என் தங்கச்சி ஜெஸீமா அவளை வாங்கி மடியில் நிறுத்தி ஆடவைத்தாள். பர்ஸானாவின் வாப்பா வேறு ஊரில் கலியாணம் முடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பக்கம் கலியாணம் முடிக்கப் பெண்ணுக்குச் சொந்த வீடு வேண்டும், வீடு இல்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். மகளுக்கென்று என்னிடம் இருந்ததோ அத்திவாரம் மட்டும். ஆகவே இரண்டரை வயதுப் பிள்ளையைத் தங்கச்சியின் இடுப்பில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் வந்தேன். இரண்டு நாலாகியது.

ஜெஸீமா ஒழுங்காகக் கடிதம் போடுவாள். பர்ஸானா உங்களை ஒரு நாளைக்கு நாலு தரம் கேட்கிறாள் ராத்தா, உங்கள் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுக்கிறாள் என்று எழுதுவாள். ஒவ்வொரு கடிதத்திலும் ஏறக்குறைய இதே வசனம்தான். அதில் ஏதோ இடறியது. ஆனாலும் நான் நம்பினேன், நம்பாமல் இங்கே ஒரு நாளும் கழியாது.

போன மாதம், பக்கத்து வீட்டில் டிரைவராக இருக்கும், எனக்கு அண்ணன் மாதிரியான மருதமுனை ஆதம்பாவா காக்கா லீவில் போய்த் திரும்பி வந்தார். மதிலுக்கு மேலால் ஒரு பொதியை நீட்டினார்.

"தங்கச்சி, இதுக்குள்ள உங்கட மகள் இரிக்கா. வெயில்ல வெச்சிராம போட்டுப் பாருங்க."

அது ஒரு வீடியோ கசெட். பாடசாலைக் கலைவிழாவில் பர்ஸானா மேடையேறினாளாம். கலியாண வீடுகளுக்குக் கெமரா கொண்டு போகிற ஒருவரைப் பிடித்து ஜெஸீமா அதைப் படமெடுத்திருந்தாள். டெக்கில் போட அனுமதி கேட்பதற்கான அரபை மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். மாமா நான் பயந்தது போல முகம் சுளிக்கவில்லை. தன் சகோதரிகளையும் கூப்பிட்டு, பிஸ்தாவும் பூசணி விதையும் வைத்து, வியாழக்கிழமை மஸ்ரஹிய்யாவுக்குரிய மரியாதையோடு அதைப் போட்டார். என்னை நிலத்தில் இருக்க விடாமல் சோபாவில் இருத்தினார்.

திரைக்குப் பதிலாகப் படுக்கை விரிப்பு ஒன்று கயிற்றில் தொங்கியது. அது பாதி விலகிச் சிக்கி நின்றது. கசெட்டுக்குள் சனம் சிரித்தது, ஒரு பிள்ளை அழுதது, யாரோ ஒரு பெண் "தலையக் குனிங்க, மறைக்குது" என்று பின்னாலிருந்து சொன்னாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக, டீவிக்குள் சிரிக்கிற சனம் எதற்காகச் சிரிக்கிறது என்று எனக்கு விளங்கியது. நான் சிரித்தேன். இந்த முறை இவர்கள்தான் ஒன்றும் விளங்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். வயலுக்கு வரும் குருவிகளைப் பற்றிய ஒரு பாட்டு நாடகம் அது. ஆறு குருவிகள் வரிசையாக வந்து குதித்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மண்ணிறச் சட்டை, முகத்தை மறைத்துக்கொண்டு குருவியின் அலகு போலக் கடதாசிச் சொண்டு. மாமா என் கையைப் பிடித்து, எது உன் மகள் என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

பெற்றவளுக்கு நடையில் தெரியும், குரலில் தெரியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தெரியவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். நான் மூன்றாவது குருவியைக் காட்டினேன். அது மற்றவற்றை விடத் துடியாகக் குதித்தது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. மாமாவின் சகோதரிகள் மாஷா அல்லாஹ் என்றார்கள். மூன்றாவது குருவி பாடும் போதெல்லாம் நூறா கைதட்டினாள். சொல்லச் சொல்ல எனக்கும் அது என் பிள்ளையாகிவிட்டது. அதைப் பார்த்துப் பார்த்து நான் அழுதேன்.

நாடகம் முடிந்து, கெமராக்காரர் மேடைக்குப் பின்னால் போய் ஒரு பிள்ளையை வரச்சொன்னார். வந்தது மூன்றாவது அல்ல, சொண்டு கழன்று விழாமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாடாமலே நின்ற கடைசிக் குருவி. புருவத்தில் பழைய காயத்தின் கோடு. தொட்டிலிலிருந்து விழுந்தபோது என் முன்றானையால் நான் அழுத்திப் பிடித்த காயம். உயர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று இல்லை. முகத்தைக் கண்ட பிறகுதான் நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரிந்தது.

"உம்மாக்கு என்ன சொல்லப் போறீங்க மகள்?" என்றார் கெமராக்காரர்.

பர்ஸானா கெமராவைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, பக்கத்தில் யாரையோ நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை.

"உம்மா இஞ்சதானே நிக்கிறா," என்றாள்.

ஒரு கை படத்துக்குள் வந்து அவள் தோளைத் தொட்டது. ஜெஸீமாவின் குரல் பதறியது. "நான் உங்கட சாச்சி, மகள். உம்மா குவைத்தில. உம்மாக்கு ஸலாம் சொல்லுங்க." பர்ஸானா வாசலுக்கு வந்த ஒரு பெரிய மனிசிக்குச் சொல்வது போல எனக்கு ஸலாம் சொன்னாள். அதோடு படம் வெட்டுப்பட்டுத் திரையில் புள்ளி புள்ளியாக இரைந்தது.

இவர்களும் தாயை "யும்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆகவே பிள்ளை முதலில் சொன்னதில் இவர்களுக்கு விளங்கியது அந்த ஒரு சொல் மட்டும். எல்லாரும் கைதட்டினார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன சொன்னாள், உன்னைத்தானே கூப்பிட்டாள் என்று கேட்டார். என்னிடம் இருக்கும் அரபு கொஞ்சம். உண்மையைச் சொல்ல அது போதாது, போதுமாக இருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். "உம்மா, கெதியாக ஓடி வா" என்று சொன்னாள் என்றேன்.

ஜெஸீமாவுக்குக் கடிதம் எழுத இருந்தேன். அவளை என்ன கேட்பது? பிள்ளை உம்மா என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்காதே என்று எழுதுவதா? அவள் குளிப்பாட்டுகிறாள், வாயில் சோறு தீத்துகிறாள், காய்ச்சலுக்கு முழித்திருக்கிறாள். என் மனம் நோகக்கூடாது என்று கடிதத்தில் பொய்யும் எழுதுகிறாள். அவளில் ஒரு குற்றமும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய துக்கம். குற்றம் இருந்தால் ஏசிவிட்டாவது இருக்கலாம். லீவு கேட்டேன். மாமா அடுத்த வருடம் பார்ப்போம் என்றார், ஊரில் என் வீட்டுக்கும் இன்னும் கூரை போடவில்லை. கலைவிழா நன்றாக இருந்தது, பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று இரண்டு வரி எழுதி ஒட்டினேன். என்னைப் போல் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். வேறு வழி தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

குருவி நாடகம் இப்போது இந்த வீட்டில் நிரந்தரமாகிவிட்டது. நூறா வேறு எதையும் போட விடமாட்டாள். திரும்பத் திரும்பப் பார்த்து, பர்ஸானா சொன்னதைத் தமிழிலேயே பாடமாக்கிவிட்டாள். அதன் அர்த்தம் நான் சொன்னதுதான் என்று நம்புகிறாள். நேற்றுப் பின்னேரம் நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். குளியலறைக்குள் நூறாவின் கண்ணில் சவர்க்கார நுரை பட்டுவிட்டது. பெற்ற தாய் அடுத்த அறையில்தான் இருந்தார். பிள்ளை அவரைக் கூப்பிடவில்லை.

"உம்மா இஞ்சதானே நிக்கிறா," என்று கத்தினாள், கத்திக்கொண்டே இருந்தாள்.

பால் பொங்கி வழிந்தது. அதை விட்டுவிட்டு ஓடினேன். "ஓம் மகள், வாறன்," என்றேன்.