பந்திங் மாப்பிள்ளைக்குக் கட்டிய தோரணம்

நான் பள்ளிக்கூடம் போனது மழைக்கு ஒதுங்கிய கதைதான். மழை விட்டதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கணக்கைக் கண்டால் நான் ஓடுவேன், என்னைக் கண்டால் அது ஓடும். ஆனால் ஒரே ஒரு பாடத்தை முழுதாகக் கற்றுக்கொண்டு வந்தேன். அது தாளில் சங்கிலி செய்வது.

இப்போது என் பேத்தி பாலர்பள்ளியிலிருந்து கொண்டுவரும் பையைத் திறந்து பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மினுக்குத் தூள் இருக்கும், கண்ணை உருட்டும் ஒட்டுப் பொம்மை இருக்கும், கலர் கலராகத் தாள் இருக்கும். கூடவே பிள்ளைகள் கையை வெட்டாத கத்தரிக்கோல் ஒன்று. அது தாளையும் வெட்டாது. எங்கள் டீச்சர் கொடுத்ததெல்லாம் பழைய பேப்பர் மட்டும். அதை விரல் அகலத்துக்குக் கிழித்து, வளைத்து, இரண்டு முனையையும் ஒட்டினால் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் அடுத்த துண்டை விட்டு ஒட்டினால் இன்னொன்று. கை வலிக்கும்வரை ஒட்டிக்கொண்டே போகலாம். பசைக்குப் பழைய சோறு. பருக்கையை விரலால் நசுக்கித் தேய்த்தால் ஈரம் உள்ளவரை பிசுபிசுவென்று இருக்கும், காய்ந்துவிட்டால் கல். தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கம் வரிவரியாக வெட்டி விரித்து உருட்டினால் கூண்டு விளக்கு. கொசுவம் மடிப்பது போல் மடித்து நடுவில் நூல் கட்டினால் பூ. என் படிப்பு அத்துடன் முடிந்தது. அதற்கு மேல் படித்தவர்கள் என்னத்தைக் கண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது நாங்கள் மலேசியாவில் கிள்ளான் பட்டணத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ரோட்டு வேலை. அரசாங்கம் கொடுத்த வரிசை வீடு, பலகைச் சுவர், தகரக் கூரை. அந்த வீட்டில் என் கைக்குத் தப்பிய சாமான் கிடையாது. சாமி படத்துக்குச் சங்கிலி, தண்ணீர்ப் பானைக்குச் சங்கிலி, சேவலுக்கும் சங்கிலி. ஒருநாள் அப்பாவின் சைக்கிளைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அவர் கவனிக்காமல் வேலைக்குப் போய், "என்னாண்ணே, காவடி எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று கூட இருந்தவர்கள் கேட்க, வாயில் வெற்றிலையோடு திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். அம்மாவுக்கோ என் தாள் வேலை எல்லாம் குப்பைதான். காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் பிய்த்து அடுப்பில் போட்டுத்தான் தண்ணீர் காய வைப்பாள்.

வீட்டில் என்னைப் பாராட்டிய ஒரே ஜீவன் அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. வரிசையில் இருந்த பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட், பிள்ளைகளுக்குக் கவுன், மலாய்க்கார வீட்டுக்குப் பெருநாள் துணி என்று எந்நேரமும் அந்த மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். வெட்டியது போக மிஞ்சும் துண்டுத்துணியை எனக்குத் தருவாள். நான் செய்த பூவைக் காதில் செருகிக்கொண்டு தைப்பாள்.

அந்த அத்தையைப் பெண் பார்க்கப் பந்திங்கிலிருந்து வருவதாக ஒருநாள் அப்பா சொன்னார்.

"தோட்டத்துல கிராணி வேலை. சொந்தமா மோட்டார் சைக்கிள் வச்சிருக்காரு. வேற என்னா வேணும்?"

"மோட்டார் சைக்கிளயா கட்டிக்கப் போவுது ஒங்க தங்கச்சி?" என்றாள் அம்மா.

"ஒனக்கு எல்லாமே வெளாட்டு" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்றால் அந்தக் காலத்தில் ரோட்டு வேலைக்காரர் வீட்டுக்குச் சாமியே இறங்கி வந்த மாதிரி. அப்பாவின் நடையே மாறிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் குளிக்கும் இடத்தில் அத்தை அழுதுகொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து துணி அலசினாள். நான் வாளித் தண்ணீரில் தாள் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன்.

"மெஷின வித்துட்டுத்தான் வரணுமாம் அண்ணி. அவங்க வீட்டுப் பொம்பளைங்க அடுத்தவங்களுக்கு ஜாக்கெட் தைக்க மாட்டாங்களாம்."

"ஒங்கண்ணன்கிட்ட சொல்றது?"

"சொன்னேன். கிராணி பொண்டாட்டிக்கு மெஷின் என்னாத்துக்குன்னு சிரிக்கிறாரு. நான் போவ மாட்டேன் அண்ணி. பேசாம கடல்ல போய் விழறேன்."

"கடல் வரைக்கும் போறதுக்கு பஸ் மாறணும். மொதல்ல மூக்கச் சிந்து." அம்மா துணியைப் பிழிந்தாள். "மாப்பிள்ளையோட அம்மா ரொம்ப சகுனம் பாப்பாங்களாமே?"

"பூனை குறுக்க போச்சுன்னு ரெண்டு வாட்டி பாதி வழியில திரும்பிட்டாங்களாம்."

"அப்படியா" என்றாள் அம்மா. பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள். அம்மாவும் அத்தையும் சாதாரணமாக உப்புக்கும் புளிக்கும் சண்டை போடுகிறவர்கள். அன்றைக்குச் சண்டை இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அம்மா ஒரு சீன முதலாளி வீட்டில், தவுக்கே வீடு என்போம், துணி துவைத்துக்கொடுத்து வந்தாள். நானும் சில நாள் கூடப் போவேன். எனக்கு அந்த வீட்டின்மேல் பெரிய பொறாமை. ஏனென்றால் அங்கே பெரியவர்களே தாள் வேலை செய்வார்கள். கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் வெள்ளி பூசிய தாளைக் குவித்து வைத்துக்கொண்டு, குட்டிக் குட்டிப் படகாக மடித்துக் கூடையில் போடுவார்கள். துணி வேலை முடிந்ததும் அம்மாவும் அவர்களோடு உட்கார்ந்து மடிப்பாள். தவுக்கே மகள்களைவிட அவள் கை வேகம். வீட்டில் என் சங்கிலியை அடுப்பில் போடும் அம்மா இங்கே சிரித்துப் பேசிக்கொண்டு படகு மடிக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல்நாள் அம்மா அந்த வெள்ளித் தாளில் ஒரு கட்டு கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"நாளைக்கு விருந்தாளி வராங்க. வீட்டப் பாரு, மாட்டுக் கொட்டா மாதிரி கெடக்கு. நல்லா பளபளன்னு எதாச்சும் செஞ்சு கட்டு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. சோற்றுப் பானையையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன், கிழித்தேன், ஒட்டினேன். வெள்ளிப் பக்கம் வெளியே தெரியும்படி சங்கிலி, வாசலுக்கு இரண்டு கூண்டு விளக்கு, சுவர் நிறையப் பூ. மறுநாள் மத்தியானமும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். அம்மா முக்காலி மேல் ஏறி நின்று, நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கட்டினாள்.

"அந்த நீளச் சங்கிலியக் குடு. இங்க, இந்த நாற்காலிக்கு நேரா வரட்டும். மாப்பிள்ளையோட அம்மா ஒக்கார்ற எடம். அவங்களுக்குத்தானே மரியாதை செய்யணும்."

அப்பா வந்து பார்த்தார். கூரையிலிருந்து சுவர்வரை வெள்ளி மின்னியது. "பரவால்லையே, நம்ம புள்ளைக்குக்கூட கைவேலை வருது" என்று என் தலையைத் தடவினார். அப்பா அப்படித் தடவியது அன்றைக்குத்தான் முதல் தடவை. தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்த அத்தையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள் மூவர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். இறங்கிய நிமிஷமே அப்பா "வாங்க சம்பந்தி, வாங்க சம்பந்தி" என்று ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று வலது காலா இடது காலா என்று பார்த்து, வலது காலை வைத்து உள்ளே வந்து, சரியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய கொண்டை, நிறையக் கனகாம்பரம். கடைசியாக நான் ஒட்டிய சங்கிலி அந்தக் கொண்டையைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. அண்ணாந்து பார்த்தவர், "நல்லா ஜோடிச்சிருக்கீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வடை வந்தது, கேசரி வந்தது. அத்தை கோப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்ததைவிட வடையைத்தான் அதிகம் பார்த்தார். மாமன்காரர் நல்ல நாள் பார்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தார். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மணிச் சத்தம். மூன்று சக்கர வண்டியில் காய்கறி விற்கும் சீன அம்மா. எல்லோரும் அவரை அசோ என்றுதான் கூப்பிடுவோம். எப்போதும் காலையில் வருகிறவர், அன்றைக்குச் சாயங்காலம் வந்து நின்றார். அம்மாதான் கீரை வேண்டும், நாலு மணிக்கு மேல் வா என்று சொல்லி வைத்திருந்தாளாம். விருந்தாளி இருக்கும்போது கீரை எதற்கு என்று நான் நினைத்தேன்.

அசோ கீரைக் கட்டோடு வாசற்படியில் ஏறி உள்ளே தலையை நீட்டினார். வெள்ளிச் சங்கிலியைப் பார்த்தார். வெள்ளி விளக்கைப் பார்த்தார். வாயில் இருந்த சிரிப்பு அப்படியே மறைந்தது. குரலைத் தாழ்த்தி, ரொம்பத் துக்கத்தோடு அம்மாவிடம் கேட்டார்.

"ஆயோ தங்காச்சி, சியாப்பா மாத்தி?"

யார் செத்தது என்று மலாயில் கேட்கிறார். பந்திங்கில் பாதி நாள் மலாயில் பேசுகிறவர்களுக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மாமன்காரர் கையில் கோப்பி அப்படியே நின்றது.

"யாரும் சாவலையே, ஏன் அசோ?" என்று அப்பா மலாயில் கேட்டார்.

"அப்புறம் இது என்னா? இனி ஒராங் மாத்தி பூன்யா கெர்த்தாஸ் லா!" அசோ பதறிப்போய்க் கையை ஆட்டினார். இது செத்தவர்களுக்கு எரிக்கிற தாள். அந்த உலகத்தில் அவர்களுக்குக் கைச்செலவுக்கு வேண்டுமே என்று சீனர்கள் மடித்து எரித்து அனுப்புவது. உயிரோடு இருப்பவர்கள் வீட்டில் யாராவது கட்டுவார்களா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே, சாயா தாக் தாவு லா அசோ!" என்று அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டாள். தனக்குத் தெரியவே தெரியாதாம்.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்தார்.

"பூனை குறுக்க போனதுக்கே திரும்பிப் போனவ நானு. இங்க பாடையே கட்டி வச்சிருக்கீங்களே!"

"சம்பந்தி, சின்னப் புள்ள வெளாட்டு சம்பந்தி..."

"யாருய்யா ஒனக்கு சம்பந்தி? டேய் தம்பி, எந்திரி!"

எந்திரித்தது மாப்பிள்ளை மட்டுமல்ல, என் சங்கிலியும்தான். சோற்றுப் பசை இன்னும் காயவில்லை. கொண்டையோடு ஒட்டிக்கொண்ட சங்கிலி கூரையிலிருந்து பிய்ந்து, அந்த அம்மாவின் முதுகில் வாலாகத் தொங்கி, வாசற்படி தாண்டி, வாடகைக் கார்வரை இழுத்துக்கொண்டே போனது. கார்க் கதவைச் சாத்தியபோதும் ஒரு முழம் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை நேரம் வாயே திறக்காத மாப்பிள்ளை, கையில் கடித்த வடையோடு காரில் ஏறுமுன் அம்மாவைப் பார்த்துச் சொன்னார், "வடை நல்லாருந்துச்சுங்க." நல்ல மனுஷன். எங்கேயோ நன்றாக இருந்திருப்பார்.

பிறகு காஜாங்கில் தையல் கடை வைத்திருந்த ஒருவர் அத்தையைக் கேட்டு வந்ததும், ஒரு மெஷின் இரண்டு மெஷின் ஆனதும், என் கல்யாணச் சேலை ஜாக்கெட்டை அத்தையே தைத்ததும் தனிக்கதை. அன்றைக்கு எங்கள் வீட்டில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அப்பா கார் போன திசையையே பார்த்து நின்றுவிட்டு, உள்ளே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தாளு ஒனக்கு எங்கேருந்து வந்துச்சு? யாரு குடுத்தா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அந்த வயதில். "அம்மாதான் குடுத்தாங்க. அவங்க தவுக்கே வீட்டுல இதேதான படகு..."

சொல்லி முடிப்பதற்குள் அம்மா பாய்ந்து வந்துவிட்டாள். "ஏண்டி, மூலையில கெடந்த தாளையெல்லாம் எடுத்து ஒட்டிப்புட்டு என்மேல பழியா போடற?" என்று தொடையில் கிள்ளினாள். அம்மாவின் கிள்ளு எங்கள் வரிசை முழுவதும் பேர்போனது. பிடித்துத் திருகினால் ஒரு வாரத்துக்கு நாவற்பழ நிறம் போகாது. ஆனால் அன்றைக்கு அது வலிக்கவே இல்லை. பாவாடையை மட்டும் பிடித்துத் திருகினாள். கை தவறிவிட்டது போலும் என்று நினைத்தேன். ஆனாலும் அப்பா பார்த்துக்கொண்டிருந்தாரே, மரியாதைக்காக ஓவென்று அழுது வைத்தேன்.

அழுத என்னை அத்தை வாரி எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே அம்மாவும் வந்து, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அத்தை என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கு குலுங்கென்று குலுங்கியது, கழுத்தெல்லாம் கண்ணீர் ஈரம். கிராணி மாப்பிள்ளை, மோட்டார் சைக்கிள், எல்லாம் என் தாளால் போய்விட்டதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாத அத்த. அடுத்த மாப்பிள்ள வரட்டும், இதவிட நீளமா கட்டுறேன்."

அதைக் கேட்டதும் அத்தை அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பாவம், எவ்வளவு துக்கம் இருந்தால் இரண்டு பேரும் சத்தமே வராமல் இப்படி அழுவார்கள் என்று நினைத்து, நானும் அவர்களோடு சேர்ந்து மனசார அழுதேன்.