சிவப்பு நம்பர் போட்ட மகோகனி

மரம் எண்ணுகிற உத்தியோகம் சுகமானது என்று நினைக்கிறவர்கள், ஒருநாள் என்னோடு கலஹா பஸ்ஸில் ஏறிப் பாருங்கோ!

ஆபிரிக்கக் காடுகளில் வெட்டி வெட்டி அருகிப்போன ஒருவகை மகோகனியின் விதையைக் காப்பாற்ற, மலைநாட்டில் கலஹாவுக்கு மேலே நாற்பது மரம் வளர்த்தோம். ஆண்டுக்கொருமுறை போய் ஒவ்வொன்றும் உயிரோடு நிற்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மரங்கள் போனால் திட்டமும் போகும், நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சோதனைச் சாவடி

யுத்த காலம். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். சிப்பாய் என் பையைக் கிளறிக் கொப்பியை எடுத்தான். அரசாங்கக் கந்தோர் வழக்கப்படி சிங்களத்தில்தான் எழுதியிருந்தேன்: “17 உயிருடன். 18 இறந்துவிட்டது. 19 காணவில்லை.” வாசித்தவன் துவக்கை நிமிர்த்தினான். மரக் கணக்கு என்று ஒரு மணித்தியாலம் மன்றாடினேன். கடைசியில் கொப்பியைத் திருப்பித் தந்தபடி அவன் கேட்டான்:

“மனுசர் காணாமல் போனாலே ஒருத்தரும் தேடுறேல்லை. மரத்தைத் தேடவோ உனக்குச் சம்பளம்?”

மேலதிகாரியின் யோசனை

எங்கள் மேலதிகாரி ஆபிரிக்கக் காடுகளைக் கரைத்துக் குடித்தவர். கலஹாப் பக்கம் மட்டும் தலைகாட்டியதில்லை. பத்தொன்பதாம் மரம் காணாமல் போனதற்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, எல்லா மரத்திலும் சிவப்புப் பெயின்றால் பெரிதாக நம்பர் எழுதச் சொன்னார். ஆட்கள் பிழையாக விளங்கிக்கொள்வார்களே ஐயா என்று இழுத்தேன்.

“நம்பர் போட்டால் அது அரசாங்கச் சொத்து. எவன் கை வைப்பான்?”

அடுத்த ஆண்டு

போய்ப் பார்த்தால், ஐயோ, இருபத்தொன்பது வரை வெறும் அடிக்கட்டை! பெயின்ற் முடிந்துபோய் நான் எழுதாமல் விட்ட பதினொன்று மட்டும் ஜம்மென்று நின்றன. அன்றைக்குப் பெயின்ற் வாளி தூக்கிவந்த தோட்டத் தொழிலாளி மாரியாயியிடம் கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது. அவள் நிதானமாகச் சொன்னாள்:

“வெட்டப்போற மரத்துக்குத்தானே சார் செவப்புல நம்பர் போடுவாங்க? லொறிக்காரன் வர்றதுக்குள்ள வெறகுக்காச்சும் ஆகட்டும்னு நாங்க முந்திக்கிட்டோம். நம்பர் போட்டா பாதுகாப்புன்னு யாரு சார் சொன்னா? கலவரத்தப்ப நாங்க குடியிருக்கிற லயத்தக் கொளுத்த வந்தவனுங்க கையிலயும் எங்க வீட்டு நம்பரெல்லாம் இருந்திச்சு.”

கொப்பியைத் திறந்து, நாற்பதும் காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். திட்டம் மூடப்பட்டது, உத்தியோகமும் போனது.

என் உத்தியோக காலத்தில் நான் உருப்படியாகக் காப்பாற்றியவை, கொப்பியில் காணாமல் போன அந்தப் பதினொரு மரங்கள்தான்.