தோங்சிக்கு மூட்ட வேண்டிய தீ

பான் நாசூவில் யார் செத்தாலும் முதலில் தித் பெங்கைத்தான் தேடுவார்கள். இளம் வயதில் மூன்று மழைக்காலம் பிக்குவாக இருந்துவிட்டுக் காவியைக் கழற்றியவர். அப்படித் திரும்பியவர்களுக்கு அங்கே பெயருக்கு முன்னால் ‘தித்’ ஒட்டிக்கொள்ளும். விகாரையில் படித்த பாலியெல்லாம் மறந்துபோய், சிதை அடுக்குவது மட்டும் கையில் தங்கிவிட்டது. அவர் அடுக்கினால் பாதியில் அணையாது. “எங்கள நல்லா வேகவெச்சிடுப்பா, அரைவேக்காடா விட்டுராத” என்று கிழவர்கள் அரிசிச் சாராய மப்பில் அவரைச் சீண்டுவார்கள்.

அந்த மனிதரால் தன் மனைவிக்குத் தீ வைக்க முடியவில்லை.

நாடு இரண்டாகப் பிளந்து கிடந்த காலம். தலைநகர் வியஞ்சானில் இருந்த அரசுக்குப் பின்னால் அமெரிக்கா; மலைப்படைக்குப் பின்னால் ஹனோய், அதற்கும் பின்னால் ரஷ்யா. பான் நாசூ மலைப்படையின் கையில் இருந்தது. அமெரிக்க விமானங்கள் அதன் லாரிகளைத் தேடி வரும். லாரி அகப்படாத நாளில், கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவானேன் என்று கண்ணில் பட்டதன்மேல் கொட்டிவிட்டுப் போகும். புகை என்றால் அடுப்பு, அடுப்பு என்றால் ஆள், ஆள் என்றால் எதிரி. மேலிருந்து பார்த்தவர்களின் கணக்கு அவ்வளவுதான். ஊர் குகைக்குக் குடிபோனது. வெள்ளைத் துணியெல்லாம் அவுரித் தொட்டியில் முங்கியது. பிக்குகள்கூடக் காவியைச் சேற்றில் தோய்த்துக் கட்டினார்கள்.

மழைக்காலத்தின் நடுவில் அவர் மனைவி தோங்சி காய்ச்சலில் போனாள். குண்டு பட்டு, மரம் விழுந்து, பிரசவத்தில் என்று கெட்ட சாவு சாகிறவர்களைத்தான் அங்கே மண்ணில் போடுவார்கள். படுத்த பாயில் அடங்கியவர்களுக்குத் தீதான். பகலில் புகை தெரியும், இரவில் வெளிச்சம் தெரியும். தித் பெங் மலைப்படையின் தளபதியிடம் போய் நின்றார். மீசை அரும்பிய பையன்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

“மாமா, ஒருத்தருக்கு நீங்க தீ வெச்சா, அந்தப் பொகையப் பாத்துட்டு வந்து இன்னும் பத்துப் பேருக்கு அவன் வெப்பான். உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லைதான். குகையிலிருந்த பெரிய பிக்கு ஒரு வழி சொன்னார். இப்போதைக்கு மண்ணில் வைப்பது. பனிக்காலம் முடிந்து விதைப்புக்காக மலைக்காடுகளுக்குத் தீ வைக்கும்போது மேட்டுநிலம் முழுக்கப் புகை மூடிக்கொள்ளும். விமானத்துக்கு எதுவும் தெரியாது. அப்போது எடுத்து எரிக்கலாம். தீ தள்ளிப் போகலாம், இல்லாமல்தான் போகக் கூடாது என்றார்.

ஊருக்கு மேற்கே பைன் மரங்கள் நின்ற மேட்டில் தோங்சியை வைத்தார்கள். மண்ணைத் தள்ளிவிட்டுத் தித் பெங் குனிந்து, கடைக்குப் போய்விட்டு வருகிறவர்போல, “மலையில தீ வெக்கிற வரைக்கும் பொறுத்துக்க. நான் வந்து எடுத்துடறேன்” என்றார். மறுநாள் முதல் விறகு சேர்த்தார். குகையின் உலர்ந்த மூலையில் அது வளர்ந்தது. எட்டு வயது மகள் லம்பான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள்.

மழை ஓயும் சமயத்தில் அரசுப் படை மேட்டுநிலத்தைப் பிடித்தது. ஊர் ஊராக ஆட்களை ஓட்டிவந்து விமானத் திடலின் ஓரம் உட்கார வைத்தார்கள். பனிக்காலம் முழுக்க அங்கேதான். மலையில் தீ வைக்கும் நாள் நெருங்கியபோது, எல்லோரையும் விமானத்தில் ஏற்றி வியஞ்சான் பக்கம் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள். தித் பெங் அதிகாரியின் கூடாரத்துக்குப் போனார். ரெண்டு நாள் ஊருக்குப் போய்வர விட்டால் போதும், பெண்டாட்டியை எரித்துவிட்டு வந்துவிடுவேன் என்றார்.

அதிகாரி களைத்திருந்தார். “இந்த மேட்டுநிலத்த எங்களால ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது, பெரியவரே. விட்டுட்டுப் போறப்ப அவனுக்கு நெல்லும் கெடைக்கக் கூடாது, சுமக்க ஆளும் கெடைக்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு. அப்புறம் இங்க அசையறதெல்லாம் எதிரிதான். நீங்க எதிரியா?”

தித் பெங் மகளைப் பார்த்தார். அவள் யாரோ கொடுத்த டின் பாலை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். ஏறிவிட்டார்.

சண்டை ஓய்ந்து திரும்பிவர ஐந்தாறு வருடமானது. ஊர் இருந்த இடத்தில் குளம் குளமாகக் குழிகள். பைன் மரங்களில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மேடு இருந்தது. வந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரி மூங்கில் குருத்து வேகவைக்க முற்றத்தில் அடுப்பு மூட்டினாள். அடியில் சாத்துக்குடி அளவில் ஒரு குண்டு புதைந்திருந்தது. அவளையும் மாமியாரையும் மண்ணில்தான் போட்டார்கள். அந்த மேட்டில் அப்படிப்பட்ட குண்டுகள் உருளைக்கிழங்குபோல விளைந்து கிடந்தன. தோண்டினாலும் வெடிக்கும், எரித்தாலும் வெடிக்கும்.

ஒரு காலையில் மண்வெட்டியோடு போன அப்பாவை லம்பான் மேட்டடியில் பிடித்தாள். கத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “நீ போய்ட்டா என்னை யாருப்பா பாத்துப்பா? அம்மாவா?” என்றாள். தித் பெங் மண்வெட்டியைக் கீழே போடக்கூடப் பயந்து, மெதுவாகச் சாய்த்து வைத்தார்.

ரொம்பக் காலம் கழித்துக் குண்டு எடுக்கிறவர்கள் கருவியோடு வந்தார்கள். முதலில் பள்ளிக்கூடம், அப்புறம் சாலை, அப்புறம் வயல். வெறும் மேட்டைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அதைச் சுற்றிலும் எச்சரிக்கையாகச் சிவப்புக் குச்சி நட்டுவிட்டுப் போனார்கள். தித் பெங் ஊரில் செத்த எல்லோருக்கும் சிதை அடுக்கிக்கொண்டிருந்தார். படுக்கையில் விழுந்ததும் லம்பானைக் கூப்பிட்டார்.

“என்னை எரிக்காத. குச்சிக்கு இந்தப் பக்கமா மண்ணுல போட்டுடு.”

“ஊர் என்னப்பா சொல்லும்?”

“ஊரையே நான்தான எரிச்சேன். சொல்லட்டும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அவளுக்கு முன்னால நான் தீயில போயிட்டா நல்லாருக்காதும்மா. அவளுக்கு எப்ப வெப்பீங்களோ, அப்ப என்னையும் எடுங்க.”

பெரியவர்கள் கூடி நின்று தடுத்தார்கள். பிக்குகூட யோசித்தார். லம்பான் அசையவில்லை. குச்சிகளுக்கு இந்தப் பக்கம் அவரை வைத்தாள்.

மலையில் தீ வைக்கும் நாட்களில் பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த வழியாக வருவார்கள். புது மண்ணைப் பார்த்து, என்ன குண்டு என்று அவளிடம் விசாரிப்பார்கள்.

“குண்டெல்லாம் இல்ல. வயசாயிடுச்சு, தூக்கத்துல போனாரு.”

அவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் நம்பாமல், அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.